கேஜையும் ஒருமுறை அளந்து பாருங்கள்

(ஒரகடம் வட்டாரச் சிறுதொழில் முனைவோர், தரக்கட்டுப்பாட்டு ஊழியர்கள், ஐ.டி.ஐ. மாணவர்கள் கூடியிருந்த அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2021 மே மாதம் ஒரு செய்தி வந்தது. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2,36,966 மோட்டார் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. கிளாசிக், புல்லட், மீட்டியோர் மாடல்கள். இக்னிஷன் காயிலில் கோளாறு. வண்டி மிஸ்ஃபயர் ஆகலாம், இழுவை குறையலாம், அபூர்வமாக ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம் என்றார்கள். அந்த நிறுவனத்தின் ஆலைகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கின்றன. உங்களில் பலர் தினமும் அந்த மதில் சுவரைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறீர்கள்.

ஊரெல்லாம் பேசியது அந்த எண்ணிக்கையைப் பற்றி. ‘இரண்டே கால் லட்சம் வண்டியில் கோளாறா!’ என்றார்கள். ஆனால் அதே அறிவிப்பில் வேறு மூன்று விவரங்கள் இருந்தன. கோளாறு தெரியவந்தது நிறுவனத்தின் வழக்கமான உள்சோதனையில். அது வெளி சப்ளையர் ஒருவரிடமிருந்து 2020 டிசம்பருக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையில் வந்த குறிப்பிட்ட பேட்ச்களில் மட்டும் இருந்தது. பாகத்தை மாற்ற வேண்டிவருவது 10 சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளில்தான் இருக்கும் என்று கணித்திருந்தார்கள்.

இந்த மூன்று வரியையும் எழுத முடிந்ததே பெரிய காரியம் என்பேன். கோளாறு எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது என்று சொல்ல வேண்டுமென்றால், எந்தக் காயில் எந்த வண்டியில் ஏறியது என்ற பதிவு ஐந்து மாதமும் விட்டுப்போகாமல் இருந்திருக்க வேண்டும். உள்சோதனையில் ஒருவர் கையில் கெட்ட காயில் அகப்பட்டபோது, அதை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த பீஸை எடுக்காமல் மேலே சொல்லியிருக்க வேண்டும். மேலே இருந்தவர்களும் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். பதிவு இல்லாத இடத்தில் திரும்ப அழைப்பே நடக்காது. வண்டிகள் ரோட்டில் நின்றுகொண்டுதான் இருக்கும். திரும்ப அழைப்பு என்றாலே அவமானம் என்ற எண்ணத்தை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

நம்பகத்தன்மையைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். இன்று ஓகே ஆன பொருள் நாளைக்கும், வேறொருவர் கையிலும், வேறொரு வெயிலிலும் ஓகே ஆகுமா என்ற கேள்விதான் அது. நம் வட்டாரத்தில் பொருளைப் பரிசோதிப்பதற்குப் பஞ்சமே இல்லை. அந்தப் பரிசோதனையைப் பரிசோதிப்பதுதான் குறைவு. பரிசோதிக்கிற ஆளுக்கு ‘எனக்குச் சந்தேகமாக இருக்கிறது’ என்று சொல்ல இடம் கொடுப்பது அதைவிடக் குறைவு. இந்த இரண்டையும் பற்றித்தான் என் பேச்சு முழுவதும்.

இந்த நெடுஞ்சாலையின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998இல் சான்ட்ரோ வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான். 2012இல் டைம்லரின் லாரி ஆலை. பெரிய பெயர்கள் சாலையில் போகும்போதே தெரியும். அவற்றுக்குப் பின்னால், சந்துகளுக்குள், நான்கைந்து சி.என்.சி. மெஷின் போட்டு, தகரக் கூரைக்கு அடியில் புஷ், பிராக்கெட், ஹவுசிங் செய்யும் சின்ன யூனிட்கள் இருக்கின்றன. பெரிய ஆலையின் பெயர் காப்பாற்றப்படுவதும் கெடுவதும் அங்கேதான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு அலுமினிய ஹவுசிங்கை எடுத்துக்கொள்வோம். அதில் 60 மில்லிமீட்டர் போர். பேரிங் உட்காரும் இடம். டிராயிங்கில் எச்-7 என்று போட்டிருக்கிறது. அதாவது 60.000இலிருந்து 60.030 வரை இருக்கலாம். மொத்தம் 30 மைக்ரான் இடம். சோதிக்க இரும்பில் செய்த பிளக் கேஜ். ஒரு முனை ‘கோ’, மறுமுனை ‘நோ-கோ’. கோ இறங்க வேண்டும், நோ-கோ இறங்கக் கூடாது. இதைவிட எளிமையான பரிசோதனை உண்டா?

மே மாதத்தில் ஒரு நாள், அப்படி ஒரு யூனிட்டில் நான் கேட்ட பேச்சு இது. புதிதாகச் சேர்ந்த டிரெய்னிப் பையன் மூத்த ஆபரேட்டரிடம் சொன்னான்: “அண்ணே, காலைல ஸ்டோர்ல இருந்து எடுத்த பீஸ்ல கோ இறங்கவே இல்ல. இப்ப வாஷிங்ல இருந்து வர்றது எல்லாம் சல்லுனு இறங்குது.” அவர் சொன்னார்: “இறங்குதுல்ல? அப்புறம் என்ன, ஓகே டேக் போடு.”

உலகத்தில் நீள அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சொல்லப்படுபவை. டிராயிங்கில் 60.000 என்று இருந்தால், 20 டிகிரியில் 60.000 என்று பொருள். வாஷிங் மெஷினிலிருந்து வெளியே வரும் அலுமினியம் 45 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் விரியும். 60 மில்லிமீட்டருக்கு 25 டிகிரி ஏறினால் சுமார் 35 மைக்ரான். மேசை மேல் 30 டிகிரியில் கிடக்கும் இரும்பு கேஜும் விரிந்திருக்கும். ஆனால் இரும்பு விரிவது ஏறக்குறைய அலுமினியத்தில் பாதிதான், அதற்கு ஏறிய சூடும் குறைவு. அது விரிந்தது சுமார் 7 மைக்ரான். கழித்தால் 28 வருகிறது. உள்ளதைவிட 28 மைக்ரான் பெரிய போராக அந்த கேஜ் அதை உணர்கிறது. டிராயிங் கொடுத்திருப்பதே 30. முழு டாலரன்ஸையும் சூடே தின்றுவிட்டது!

கேஜில் பிழை இல்லை. கேலிப்ரேஷன் ஸ்டிக்கர் புதிதாகவே இருந்தது. மெஷினிலும் பிழை இல்லை. ஆபரேட்டர் சோம்பேறியும் இல்லை. ஆனாலும் சிறிய போர் உள்ள பீஸ் ஓகே டேக்கோடு போய்விடும். வாங்கியவர் குளிர்ந்த அறையில் அளந்து திருப்பி அனுப்புவார். ‘எங்க கிட்ட பாஸ் ஆச்சே’ என்று இவர்கள் சத்தியம் செய்வார்கள். அந்தச் சத்தியமும் உண்மைதான்.

அந்தப் பையனுக்கு விரிவுக் கெழு தெரிந்திருக்காது. ஆனால் ஒரே கேஜ், ஒரே வகைப் பீஸ், இரண்டு நேரத்தில் இரண்டு விதமாக நடக்கிறது என்பதைக் கவனித்துவிட்டான். அளவீட்டு அறிவியலின் முதல் கேள்வியே அதுதான். அதற்கு அவனுக்குக் கிடைத்த பதில், டேக் போடு என்பது.

ஒரே பீஸின் அளவு இப்படி மாறி மாறி வருவதைக் கண்டுபிடிக்க ஏற்கெனவே ஒரு முறை உண்டு. எம்.எஸ்.ஏ. என்றும், ஜி.ஆர்.ஆர். என்றும் உங்கள் ஆடிட் ஃபைல்களில் இருக்கும். பத்து பீஸ், மூன்று ஆட்கள், ஆளுக்கு மூன்று தடவை. மொத்தம் 90 அளவுகள். ஒரே ஆள் ஒரே பீஸைத் திரும்ப அளந்தால் எவ்வளவு மாறுகிறது, ஆள் மாறினால் எவ்வளவு மாறுகிறது என்பதைப் பிரித்துக் காட்டும். அளவில் தெரியும் மொத்த ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டால், அளப்பதால் மட்டும் வருவது 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 30ஐத் தாண்டினால் அந்தக் கேஜை வைத்து நல்லது கெட்டது பிரிக்க முடியாது. இடைப்பட்டது வேலையைப் பொறுத்தது.

நல்ல முறைதான். ஆனால் எப்படிச் செய்கிறோம்? பீஸில் ஒன்று, இரண்டு என்று எழுதி, வரிசையாக அளந்து, முந்தின எண்ணைப் பார்த்துக்கொண்டே அடுத்ததை எழுதுகிறோம். மனிதக் கை, தான் எழுதிய எண்ணையே மறுபடி தேடிப் போகும்; அது யாருடைய குற்றமும் அல்ல. ஆகவே பீஸ்களைக் கலைத்துப்போட வேண்டும். அளப்பவருக்கு எந்த பீஸ் என்று தெரியக் கூடாது. எழுதுபவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். ஆடிட்டுக்கு முந்தின இரவு ஒரே ஆள் உட்கார்ந்து 90 கட்டத்தையும் நிரப்பிய தாளை நான் பார்த்திருக்கிறேன். மூன்று பேர் பெயரிலும் கடைசி இலக்கம் ஒரே சாயலில் விழுந்திருந்தது. முடிவு 8 சதவீதம் என்று வந்திருந்தது. அழகான எண். அந்த யூனிட்டின் கேஜ் எப்படி இருக்கிறது என்று அன்றைக்கும் யாருக்கும் தெரியாது, அதற்கப்புறமும் தெரிந்திருக்காது.

எதைக் கொண்டு அளந்தோம் என்று சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை என்பது நம் மண்ணுக்குப் புதிது அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த பொன்னின் எடை எழுதப்பட்டிருக்கிறது. எத்தனை கழஞ்சு என்பதோடு நிற்கவில்லை. ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுத்தது என்று சேர்த்துப் பொறித்தார்கள். ரத்தினங்களுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று தனிக் கல். பிற்காலத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால் அந்தக் கல்லை எடுத்து மறுபடி நிறுத்துப் பார்க்கலாம். இன்று நம் மைக்ரோமீட்டரின் சான்றிதழ் ஒரு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குப் போகிறது. அங்கிருந்து படிப்படியாக டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அளவை வரைக்கும் போகிறது. அந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணி உங்கள் மேசை. மற்றக் கண்ணிகளை எல்லாம் வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். கடைசிக் கண்ணிக்கு நீங்கள்தான் பொறுப்பு.

இதுவரை சொன்னது எண்ணால் அளப்பது. கண்ணால் பார்த்துச் சொல்வது இன்னும் சிக்கல். பெயின்ட்டில் தூசி, காஸ்டிங்கில் துளை, பிளாஸ்டிக்கில் கீறல். இரண்டு பேர் தனித்தனியாக 100 பீஸைப் பார்க்கிறார்கள். ஆளுக்கு 5 பீஸை ரிஜெக்ட் செய்கிறார்கள். ஒப்பிட்டால் 92 பீஸில் இருவர் தீர்ப்பும் ஒன்று. ‘92 சதவீதம் ஒத்துப்போகுது சார்’ என்று ரிப்போர்ட் போகும். கொஞ்சம் உள்ளே பாருங்கள். முதலாமவர் ஒதுக்கிய ஐந்தில் இரண்டாமவரும் ஒதுக்கியது ஒன்றே ஒன்றுதான். மற்ற நான்கையும் அவர் நல்லது என்று விட்டுவிட்டார். அவர் ஒதுக்கிய நான்கை இவர் விட்டுவிட்டார். எதை ஒதுக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஏறக்குறைய ஒற்றுமையே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஐந்தை எடுத்து வைத்தாலும், நல்ல பீஸ் நிறைய இருப்பதால், 90 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகும்.

இந்தத் தற்செயலான ஒற்றுமையைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் பார்க்க ஒரு கணக்கு உண்டு. கப்பா என்று பெயர். நான் சொன்ன உதாரணத்துக்குக் கணக்குப் போட்டால் 0.16 வரும், 0.75க்கு மேல் இருந்தால்தான் நல்ல ஒற்றுமை. 1960இல் அதைக் கொடுத்த ஜேக்கப் கோஹன் ஒரு உளவியலாளர். ஒரே நோயாளியை இரண்டு நிபுணர்கள் பார்த்தால் ஒரே வகையில் சேர்ப்பார்களா என்பது போன்ற கேள்விகளுக்காகப் பிறந்த கணக்கு, இன்று வாகன உதிரிபாகத் தரக்கட்டுப்பாட்டுக் கையேட்டில் இருக்கிறது. நம்பகத்தன்மை என்றால் இன்ஜினியரிங் சமாசாரம் என்று நினைக்கிறோம். அந்தக் கேள்வியை முதலில் கூர்மையாகக் கேட்டவர்களில் பள்ளித் தேர்வு நடத்தியவர்களும் உண்டு.

ஃபிலிப் ஹார்டாக் என்ற பெயர் இந்தியக் கல்வி வரலாற்றில் வரும். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். 1929இல் அறிக்கை கொடுத்த ஹார்டாக் குழு அவர் தலைமையில் இயங்கியது. அவரும் ரோட்ஸ் என்ற புள்ளியியலாளரும் 1935இல் இங்கிலாந்தில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வரலாற்றுப் பாடத்தில் 15 விடைத்தாள்கள். தேர்வாளர்கள் திருத்தினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, முன்பு போட்ட மதிப்பெண் தெரியாமல், அதே தாள்களை அவர்களில் 14 பேர் மறுபடி திருத்தினார்கள். மொத்தம் 210 தீர்ப்புகள். அவற்றில் 92இல், அதே ஆள் அதே தாளுக்கு வேறு தீர்ப்புக் கொடுத்திருந்தார். வேறு மதிப்பெண் என்று சொல்லவில்லை. பாஸ், ஃபெயில், சிறப்பு என்ற தீர்ப்பே மாறியது. விடைத்தாள் அப்படியேதான் இருந்தது.

இங்கே இருக்கும் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு இது உறைக்க வேண்டும். இருபது கேள்வித் தேர்வும் ஐந்து நிமிட நேர்காணலும் உங்களைப் பற்றிச் சொல்லும் எண்ணுக்கும் ஜி.ஆர்.ஆர். உண்டு. அதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

1951இல் ஒரே ஆண்டில் இரண்டு கட்டுரைகள் வந்தன. அமெரிக்க உளவியலாளர் லீ கிரோன்பாக், தேர்வுகளின் நம்பகத்தன்மைக்கு ஆல்ஃபா என்ற எண்ணைக் கொடுத்தார். சுவீடன் நாட்டுப் பொறியாளர் வலோடி வைபுல், பொருள்கள் எப்போது உடையும் என்பதைச் சொல்லும் பரவலைப் பற்றி எழுதினார். பிறந்தவுடனே போகும் பொருளா, எப்போது வேண்டுமானாலும் போகும் பொருளா, தேய்ந்து போகும் பொருளா என்று வைபுல் கணக்கு பிரித்துச் சொல்லிவிடும். மூன்றுக்கும் மருந்து வேறு. பிறந்தவுடனே போவதை ஆலைக்குள்ளேயே ஓடவிட்டுப் பிடிக்கலாம். தேய்ந்து போவதை அதற்கு முன்னால் மாற்றலாம். இடைப்பட்ட வகையை முன்கூட்டியே மாற்றுவதால் ஒரு பயனும் இல்லை. நல்லதைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்லதை மாட்டுவதுதான் நடக்கும். நம் மெயின்டனன்ஸ் அட்டவணைகளில் இது நிறைய நடக்கிறது.

இனி ஆயுள் சோதனை. கிளட்ச் கேபிள் செய்யும் ஒருவர் 22 கேபிளை ஒரு லட்சம் தடவை இழுத்துப் பார்க்கிறார். ஒன்றுகூட அறவில்லை. ரிப்போர்ட்டில் ‘100 சதவீதம் பாஸ்’ என்று எழுதுகிறார். புள்ளியியல் அதை வேறு மாதிரி சொல்லும்: நூற்றுக்குத் தொண்ணூறு கேபிளாவது ஒரு லட்சம் தாங்கும் என்று 90 சதவீத உறுதியோடு சொல்லலாம், அவ்வளவுதான். தொண்ணூறை 99 ஆக்க வேண்டுமா? அதே உறுதிக்கு 230 கேபிள் வேண்டும், அதிலும் ஒன்றுகூட அறக் கூடாது. 22 என்ற எண் பல வாடிக்கையாளர் ஸ்பெசிஃபிகேஷனில் இருக்கும். ஏன் 22 என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. காரணம் இதுதான்.

99 சதவீதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று போனாலும் மொத்தமும் நிற்கும்படி நூறு பாகங்களைக் கோத்து, ஒவ்வொன்றும் 99 சதவீதம் என்றால், மொத்த அமைப்பு ஓடும் வாய்ப்பு 37 சதவீதம்தான். பெருக்கிப் பாருங்கள். இதைப் பொறியாளர்கள் ராபர்ட் லுஸ்ஸர் பெயரால் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டு வேலையில் இருந்தவர். ‘எங்க பாகம் 99 சார்’ என்று பெருமைப்படும் சப்ளையரிடம், வண்டியில் உன்னுடையது மட்டுமா இருக்கிறது என்று வாங்குபவர் கேட்பது இதனால்தான். பத்து லட்சத்தில் எத்தனை என்ற கணக்கில் அவர்கள் பேசுவதும் இதனால்தான்.

பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு என்ற நிலைக்குப் போனால் சோதனை கை கொடுக்காது. இதற்கும் ஒரு உண்மைக் கதை உண்டு. 2007 ஆகஸ்டில் நோக்கியா நிறுவனம் பி.எல்-5சி பேட்டரிகளைப் பற்றி எச்சரிக்கை விட்டது. ஸ்ரீபெரும்புதூரில் போன் ஆலை தொடங்கி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. பேட்டரி இங்கே செய்ததல்ல; ஜப்பானின் மட்சுஷிட்டா 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையில் செய்தது. மொத்தம் 4 கோடியே 60 லட்சம் பேட்டரி. சார்ஜ் போடும்போது சூடாகி வெளியே வந்துவிடலாம் என்றார்கள். உலகம் முழுக்க அதுவரை வந்திருந்த சம்பவங்கள் சுமார் 100. அன்றைக்கு நம் ஊர்களில் போனைத் தொடவே பயந்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். நான்கரை லட்சம் பேட்டரிக்கு ஒன்று. ஆலையிலேயே சோதித்து, அப்படிப்பட்ட பேட்டரி ஒன்றையாவது 95 சதவீத உறுதியோடு பார்த்துவிட வேண்டும் என்றால், சுமார் 14 லட்சம் பேட்டரியை வாடிக்கையாளர் பயன்படுத்துவது போலவே பயன்படுத்திப் பார்க்க வேண்டும். எந்த ஆய்வகத்திலும் நடக்காத காரியம். இவ்வளவு அபூர்வமான கோளாறை வீட்டில் போனை வைத்திருப்பவர்தான் கண்டுபிடிப்பார். ஆலையால் செய்ய முடிந்தது இரண்டு: புகார் ஐந்தாறு வரும்போதே அதைச் சேர்த்துப் பார்ப்பது, எந்தத் தேதியில் செய்ததெல்லாம் சந்தேகத்துக்குரியது என்று கோடு போடுவது. காயில் கதையிலும் கைகொடுத்தது அந்தக் கோடுதான்.

ஒரகடத்தில் சுமார் 300 ஏக்கரில் இருக்கும் வாகன ஆராய்ச்சி மையத்தைப் பார்த்திருப்பீர்கள். மத்திய அரசின் நாட்ரிப் திட்டத்தில் வந்தது. காரை மோதவிட்டுப் பார்க்கும் கூடமும் அங்கே உண்டு. 2023 அக்டோபர் முதல் பாரத் என்-கேப் என்ற நட்சத்திர மதிப்பீடு நடைமுறையில் இருக்கிறது. முன்புற மோதலில் கார் 64 கிலோமீட்டர் வேகத்தில், முகப்பில் 40 சதவீதம் மட்டும் படும்படி, நசுங்கும் தடுப்பில் மோதுகிறது. ஒரு மாடலுக்கு அந்தச் சோதனையில் மோதுவது ஒரே ஒரு கார்! 22 கேபிளே போதாது என்று சொன்ன நான், ஒரே காரை வைத்துக் கொடுக்கும் நட்சத்திரத்தை நம்பலாமா?

நம்பலாம்; ஒரு நிபந்தனையோடு. மோதிய காரும் ஷோரூமில் நிற்கும் காரும் ஒன்றுதான் என்பதற்கு வெல்டிங் லைனில் தினமும் பதிவு இருக்க வேண்டும். மோதல் சோதனை டிசைனைத்தான் சோதிக்கிறது. மற்ற ஆயிரக்கணக்கான கார்களுக்கு ஆலையின் அன்றாட ஒழுங்குதான் உத்தரவாதம். ஸ்பாட் வெல்டில் எலெக்ட்ரோடு தேய்ந்ததைக் கவனிக்காமல் விட்ட ஒரு ஷிப்டின் கார்களுக்கு அந்த நட்சத்திரம் பொருந்தாது.

மோதும் காருக்குள் மனிதருக்குப் பதிலாக உட்காரும் பொம்மையும் ஒரு அளவுக் கருவிதான். ஹைப்ரிட்-3 என்ற வகை, 1976இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்தது. நெஞ்சிலும் கழுத்திலும் இருக்கும் ரப்பரும் அதிர்வு உறிஞ்சும் பொருளும் சூட்டில் இளகிவிடும், குளிரில் விறைத்துவிடும். அதனால் மோதுவதற்கு முன்பு அதை 21 டிகிரியை ஒட்டிய அறையில் மணிக்கணக்கில் வைத்திருப்பார்கள். வெளியே நம் ஊர் வெயில் 40ஐத் தொட்டாலும் பொம்மைக்கு 21தான். அலுமினிய ஹவுசிங்குக்கு நாம் செய்யாததை அங்கே பொம்மைக்குச் செய்கிறார்கள்.

ஆனால் அந்தப் பொம்மை சுமார் 175 சென்டிமீட்டர் உயரம், 78 கிலோ எடை. சராசரி அமெரிக்க ஆணை வைத்துச் செய்தது. திரும்பத் திரும்ப ஒரே விடை சொல்லும். நம் வீட்டில் ஸ்டியரிங்குக்கு நெருக்கமாக சீட்டை இழுத்துப்போட்டு ஓட்டும் ஐந்தடிப் பெண்ணுக்கும் அதே விடை பொருந்துமா என்பது வேறு கேள்வி. மாறாமல் சொல்வது ஒன்று, சரியானதைச் சொல்வது இன்னொன்று. முதலாவது இல்லாமல் இரண்டாவது வராது. முதலாவது வந்துவிட்டதாலேயே இரண்டாவதும் வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

போல்ட் முடுக்குவதிலும் இதே கதைதான். டார்க் ரென்ச் ‘கிளிக்’ என்றதும் சரி என்கிறோம். ரென்ச் அளப்பது முறுக்கு விசையை. நமக்கு வேண்டியது போல்ட் எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்பது. கொடுக்கிற முறுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இழுவையாகிறது. மீதி தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே போய்விடும். மரையில் எண்ணெய் பட்டதா, காய்ந்திருந்ததா என்பதைப் பொறுத்து அதே கிளிக்கில் பிடிப்பு வெகுவாக மாறும். வாஷர் சப்ளையரை மாற்றிவிட்டு டார்க் எண்ணை மாற்றாமல் விடும் இடங்களில் கிளிக் சத்தத்தை நம்பாதீர்கள்.

இனி ஆட்களைப் பற்றி. என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயம் இது. இந்த நெடுஞ்சாலையில் கேஜ் பிடித்திருக்கும் கைகளில் பெரும்பாலும் கான்ட்ராக்ட் அல்லது டிரெய்னி கைகள். ஒரு கீறலைப் பார்த்து இது போகும், இது போகாது என்று சொல்லக் கண் பழக மாதங்கள் ஆகும். பழகிய நேரத்தில் கான்ட்ராக்ட் முடிந்து அவர் வேறு கேட்டுக்குப் போய்விடுவார். புது ஆள் வருவார். ஆள் மாறினால் அளவு மாறுகிறதா என்று 90 எண்ணில் தேடுகிறோம். ஆளை மாற்றிக்கொண்டே இருப்பதும் நாம்தான். சம்பளத்தில் மிச்சமானது ரிஜெக்‌ஷனிலும் ரீவொர்க்கிலும் எவ்வளவு போகிறது என்று எந்த முதலாளியாவது கணக்குப் போட்டுப் பார்த்தால் நன்றியோடு இருப்பேன். இது தொழிலாளர் நலன் மட்டும் அல்ல, அளவீட்டு அறிவியலும்தான்.

புது ஆள் பேசவும் பயப்படுவார். வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்ற அந்தப் பையன் இன்னொரு தடவை அப்படிக் கேட்டிருப்பானா என்று எனக்குச் சந்தேகம். அந்த மூத்த ஆபரேட்டரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தலைக்கு மேல் ஷிப்ட் டார்கெட் எழுதிய போர்டு தொங்கியது. டார்கெட்டை எழுதியவர் சந்தேக பீஸ் வைக்க ஒரு தட்டும், அதைப் பார்க்கப் பத்து நிமிடமும் கொடுத்திருந்தால் அவர் வேறு பதில் சொல்லியிருப்பார். சந்தேகத்தைச் சொன்ன ஆள் அன்றைக்கு நூறு பீஸ் குறைவாகப் போட்டால் அதை அவர் கணக்கில் எழுதாதீர்கள்.

சின்ன யூனிட் வைத்திருப்பவர்கள் ஏ.சி. அறை கட்ட முடியாது என்பீர்கள். தெரியும். ஒரு தடித்த இரும்புத் தகட்டை மேசையில் போட்டு, வாஷிங்கில் இருந்து வரும் பீஸையும் கேஜையும் அதன் மேல் ஒன்றாக அரை மணி வைத்துப் பிறகு அளந்தால் பிழையில் பெரும்பகுதி போய்விடும். இரண்டின் சூடும் ஒன்றானாலே பெரிய லாபம். மீதிக்கு, பக்கத்தில் இருக்கும் ஐந்தாறு யூனிட்கள் சேர்ந்து 20 டிகிரியில் ஒரு சின்ன அறையும் ஒரு நல்ல அளவுக் கருவியும் வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு நல்ல கார் வாங்குகிறோம். சேர்ந்து ஒரு அறை கட்ட முடியாதா? வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய பீஸ்களை ஸ்கிராப்பில் போடுவதற்கு முன், வகைக்கு ஒன்றை எடுத்து, தேதியும் பேட்ச்சும் காரணமும் எழுதி அந்த அறையில் ஒரு அலமாரியில் வையுங்கள். புது ஆளுக்கு எந்தக் கையேட்டைவிடவும் அது வேகமாகக் கண்ணைப் பழக்கும். வாரம் ஒரு தடவை அதில் இருந்து இரண்டை எடுத்து, சொல்லாமல், ஓடும் லைனில் கலந்துவிடுங்கள். எத்தனை தடவை பிடிபட்டது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். பேக்கிங்குக்கு முன்னால் அவற்றைத் திரும்ப எடுக்க மறந்துவிடாதீர்கள்.

பெரிய ஆலைகளின் சப்ளையர் தரப் பிரிவிலிருந்து வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மேசைக்கு 8 சதவீதம் என்று எழுதிய ஜி.ஆர்.ஆர். தாள்கள்தான் வருகின்றன. ஏனென்றால் 24 என்று எழுதினால் ஆர்டர் போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த ஆடிட்டில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அதே பத்து பீஸை, கலைத்துப்போட்டு, உங்கள் கண்முன்னால், அன்றைக்கு ஷிப்டில் இருக்கும் மூன்று பேரை அளக்கச் சொல்லுங்கள். 24 வந்தால் அந்த யூனிட்டுக்கு ஆர்டரைக் குறைக்காதீர்கள். கேஜை மாற்ற வேண்டுமா, பிடிப்பானை மாற்ற வேண்டுமா, வாஷிங்கைத் தள்ளி வைக்க வேண்டுமா என்று அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள்; மூன்று மாதம் கழித்து வந்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.